அம்மா சேலையில் கத்தரி வைக்கலாமா?

கேள்வி: அக்கா, என் அம்மா போன ஆவணியில் தவறிவிட்டாள். எங்கள் ஊர் தென்காசிப் பக்கம். பீடி சுற்றித்தான் எங்கள் மூன்று பேரையும் ஆளாக்கினாள். அவளுடைய சேலைகள், பீடி இலை வெட்டும் கத்தரி, அளவுத் தகடு, மடியில் வைத்துப் பீடி சுற்றும் சொளகு (முறம்), பால்கணக்கு நோட்டு, மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் ஒரு டிரங்குப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். ஊதா சுங்குடிச் சேலை ஒன்றில் சொளகு உரசி உரசி மடிப்பக்கம் நைந்து, அந்தப் பக்கம் தெரிகிற அளவுக்கு ஆகிவிட்டது. வருஷ திதிக்குள் இவற்றை வைத்து ஒரு துணி ஓவியம் செய்து சுவரில் மாட்ட ஆசை. வீடியோ பார்த்துப் பசைத் துப்பாக்கி, ரெசின், மணி எல்லாம் வாங்கினேன். முதலில் அம்மா முகத்தைத் தைத்துப் பார்த்தேன், கட்சி பேனர் மாதிரி வந்தது. சேலையை வெட்டப்போகிறேன் என்றதும் பெரியக்கா, "செத்தவ சேலையில கத்தரி வைக்காத" என்று சண்டைக்கு வந்துவிட்டாள். எனக்கும் பெட்டியைத் திறந்தாலே கை ஓடவில்லை. பள்ளிக்கூடத்தில் படித்த தையல்தான் தெரியும். எங்கிருந்து தொடங்குவது?

அன்புத் தங்கைக்கு,

முதலில் அந்த முகத்தை விட்டுவிடுங்கள். அம்மாவின் முகம் போட்டோவில் இருக்கிறது. மாலை போட்டு மாட்டியும் இருப்பீர்கள். அதையே துணியில் இன்னொரு தடவை செய்தால் போட்டோவோடு போட்டி போட வேண்டிவரும். தேர்ந்த கைக்காரர்களே அதில் தோற்றுப்போகிறார்கள். போட்டோவில் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது. கடிதத்தில் போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போன அந்த நைந்த மடி.

பெட்டியில் உள்ள எல்லாவற்றையும் ஒரே படைப்பில் ஏற்ற நினைக்கிறீர்கள், அதனால்தான் கை ஓடவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அம்மாவின் முழுக் கதையும் ஒரு துணியில் அடங்காது. அவர் தினமும் செய்த ஒரு காரியம் அடங்கும். சொளகை மடியில் வைத்து உட்கார்ந்த அந்த உட்காரல், அது துணியில் விட்ட தேய்மானம், அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணப் பட்டு அழகாகத்தான் இருக்கும், ஆனால் அதை அவர் எத்தனை நாள் உடுத்தியிருப்பார்?

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு சிற்றூர். அடிமைகளாக உழைத்தவர்களின் வழிவந்த கறுப்பினக் குடும்பங்கள் வாழும் ஊர். அங்கே மிசூரி பெட்வே என்கிற பெண்மணி, 1942இல் கணவர் இறந்ததும், அவர் வயலுக்குப் போட்டுப்போன பேண்ட்டையும் சட்டையையும் கிழித்து ஒரு போர்வை தைத்தார். அவரை நினைத்துக்கொள்ளவும், அன்போடு போர்த்திக்கொண்டு படுக்கவும்தான் தைத்ததாக மகள் பிற்பாடு சொல்லியிருக்கிறார். அதில் பூவும் இல்லை, பெயரும் இல்லை. சாயம் போன நீலம், சாம்பல், செம்பழுப்பு என்று நீட்டு நீட்டாக உழைத்த துணிகள்தான். இன்று கலைக்கூடத்தில் வைத்துப் பார்க்கிறார்கள்.

சிலியில் 1973இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரும் மனைவிமாரும் சாக்குத்துணி மேல் துண்டுத் துணிகளை வைத்துத் தைத்தார்கள். ஆர்ப்பியேரா என்று பெயர். அவற்றில் பெரும்பாலும் இருப்பது தெரு, எல்லோருக்குமாகச் சேர்ந்து கஞ்சி காய்ச்சும் பானை, போலீஸ் வண்டி, பின்னால் ஆண்டிஸ் மலை. சில படைப்புகளில் காணாமல் போனவர் போட்டிருந்த துணியே இருந்தது. துக்கத்தை எப்படிக் காட்டுவது என்று அவர்கள் மலைக்கவில்லை, நடந்ததைத் தைத்தார்கள்.

சரி, பெரியக்காவுக்கு வருவோம். அவர் சொல்வதை மூடநம்பிக்கை என்று தள்ளாதீர்கள். இறந்தவரைத் துணியை வைத்து நினைப்பது நம் பக்கம் பழைய வழக்கம். வட மாவட்டங்களில் பூவாடைக்காரி என்று வீட்டில் இறந்த பெண்ணுக்குப் புதுச்சேலை வைத்துப் படைப்பார்கள். அந்த மரியாதை உள்ள மனசுக்குக் கத்தரி உறுத்தத்தான் செய்யும். அதோடு, அந்தச் சேலை அவருக்கும் அம்மா சேலைதானே, உங்களுக்கு மட்டுமா?

வெட்டவே வேண்டாம். சேலை அகலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இரண்டு மரக்கம்பு வாங்குங்கள். துவைத்த பழைய வேட்டித் துணியைக் கம்பின் மேல் சுற்றிக்கொள்ளுங்கள், மரத்தின் கறை சேலையில் இறங்காது. முந்தானைப் பக்கம் மேல் கம்பில், மறுதலைப்பு கீழ்க் கம்பில் என்று இரண்டு பக்கமும் சுருட்டிக்கொண்டே வந்தால், நடுவில் நைந்த மடி மட்டும் இரண்டரை, மூன்று அடிக்கு விரிந்து நிற்கும். வேலை செய்யும் இடம் அதுதான். மடித்து வைப்பதைவிடச் சுருட்டி வைப்பது பழந்துணிக்கும் நல்லது, மடிப்பு விழுந்த இடத்தில்தான் துணி முதலில் விட்டுப்போகும். நாளைக்கு மனசு மாறினால் தையலைப் பிரித்துச் சேலையாகவே பெட்டியில் வைக்கலாம் என்று அக்காவிடம் சொல்லுங்கள். அதற்கும் சம்மதிக்காவிட்டால் இந்தச் சேலையை விட்டுவிட்டு ஒரு ஜாக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கூடப்பிறந்தவளோடு பேச்சுவார்த்தை அறுந்துபோகிற அளவுக்கு எந்தக் கலையும் முக்கியமில்லை.

அளவு பற்றியும் இதிலேயே முடிவாகிவிட்டது, கவனித்தீர்களா? எய்ட்ஸில் இறந்தவர்களுக்காக அமெரிக்காவில் 1987இல் தொடங்கிய நினைவுப் போர்வையில் ஒவ்வொருவருக்கும் 3 அடிக்கு 6 அடித் துணி. ஒரு கல்லறைக் குழியின் அளவு அது. உங்களுக்கு அளவு ஒரு மடி.

நைந்த இடத்தைச் சரிசெய்துவிடாதீர்கள், தாங்கிப் பிடியுங்கள், அவ்வளவுதான். முதலில் துவைக்க வேண்டும். வியர்வையும் எண்ணெயும் தங்கினால் துணி மஞ்சளாகி இற்றுப்போகும், இராமபாணப் பூச்சியும் வரும். சுங்குடியில் சாயம் இறங்கக்கூடும். ஈர வெள்ளைத் துணியை ஓரத்தில் அழுத்திப் பார்த்துவிட்டு, தண்ணீரில் அலசி, விரித்துப்போட்டு நிழலில் காயவையுங்கள். அம்மா வாசனை போய்விடுமே என்று தயங்கினால், வேறொரு சேலையைத் துவைக்காமல் பழைய வேட்டியில் சுற்றித் தனியே வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், பூஞ்சை பிடிக்கும்.

அப்புறம் நைந்த இடத்துக்கு அடியில் மெல்லிய மல் துணியோ பழைய வேட்டித் துண்டோ வையுங்கள். நைந்த பகுதியைத் தாண்டி நாலு பக்கமும் ஒரு சாண் கூடுதலாக இருக்கட்டும். இரண்டையும் சேர்த்துப் பொடி நூலோட்டமாக, வரிவரியாகத் தைத்துக்கொண்டே போங்கள். வங்காளத்துப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கிக் காந்தா தைப்பது இப்படித்தான், நூலைக்கூடப் பழைய சேலைக் கரையிலிருந்து உருவிக்கொள்வார்கள். உங்கள் வீட்டில் அதற்குப் பீடி கட்டும் நூல் இருக்குமே. ஒரு கண்டு எங்காவது மிஞ்சியிருக்கும், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் கேளுங்கள், அந்த ஊரில் கிடைக்காமல் போகாது. சாயம் விடுகிறதா என்று அதையும் நனைத்துப் பாருங்கள். எம்பிராய்டரி வளையம் மாட்ட வேண்டாம், இழுத்த இழுப்பில் நைந்த துணி விட்டுவிடும். மேஜையில் விரித்து, மெல்லிய ஊசியால் தையுங்கள். தையல் கோணலாகப் போனால் போகட்டும்.

கத்தரி, தகடு, கண்ணாடி, பீடி இலை மிஞ்சியிருந்தால் அது, எல்லாவற்றையும் துணியில் ஏற்றத் தோன்றும். வேண்டாம். கத்தரி துருப்பிடித்துக் கறையிறக்கும். இலை நொறுங்கும். தூள் ஒட்டியிருந்தால் புகையிலை வண்டு வரும், அது துணியையும் ஓட்டை போடும். பொருளுக்குப் பதில் அதன் நிழலை வைக்க ஒரு வழி உண்டு. வெயிலில் நீல அச்சு எடுக்கிற முறை, சயனோடைப் என்று பெயர். ஜான் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1842இல் கண்டுபிடித்தது. மறுவருஷமே அன்னா அட்கின்ஸ் என்ற பெண்மணி கடற்பாசிகளைத் தாளில் வைத்து இப்படிப் பதிக்கத் தொடங்கினார்.

ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் 25 கிராமை 100 மில்லி தண்ணீரிலும், பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10 கிராமை இன்னொரு 100 மில்லியிலும் தனித்தனியாகக் கரையுங்கள். (பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், சினிமாவில் வில்லன் கடிக்கிற சயனைடு அல்ல. ஆனாலும் கையுறை போடுங்கள், சமையல் பாத்திரத்தைத் தொடாதீர்கள், ஆசிட் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.) வேலைக்கு முன் இரண்டையும் சமமாகக் கலந்து, கஞ்சி போடாத வெள்ளைப் பருத்தியில் தூரிகையால் தடவி, இருட்டில் காயவைக்க வேண்டும். அதன் மேல் கத்தரியையும் தகட்டையும் கண்ணாடியையும் வைத்து நடுப்பகல் வெயிலில் காட்டுங்கள். நம் வெயிலுக்குப் பத்து நிமிஷம் முன்னே பின்னே போதும். பச்சைமஞ்சள் சாம்பல் பூத்தமாதிரி ஆகும். தண்ணீரில் மஞ்சள் போகும்வரை அலசினால் நீலத்தில் வெள்ளையாகக் கத்தரி நிற்கும். சோப்பு மட்டும் கூடாது, சோடா கலந்த சோப்பில் நீலம் போய்விடும். ஆகவே சேலை துவைத்து முடிந்த பிறகுதான் இதைச் சேர்க்க வேண்டும். அச்சைக் கத்தரித்து மடிக்கு அருகே வைத்து ஓரம் மடக்கித் தையுங்கள். தேரில் தொங்கும் தொம்பையில் துணிமேல் துணி வைத்துத் தைத்திருப்பார்களே, அதே முறை.

இந்த வேலையை முதலில் செய்யுங்கள். சேலையைப் பிறகு தொடலாம். வெயிலில் நின்று செய்கிற வேலை, பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து செய்வது மாதிரி கனக்காது. சின்னத் துணிகளில் நாலைந்து பார்த்தால் கை பழகிவிடும். பெரியக்காவையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள், நீலம் தெளிந்து வருவதைப் பார்க்க யாருக்கும் பிடிக்கும்.

பால்கணக்கு நோட்டின் தாளை ஒருபோதும் தைக்காதீர்கள். ஜெராக்ஸ் எடுத்து, டைலர்கள் வைத்திருக்கும் மஞ்சள் கார்பன் தாளை அடியில் வைத்து, ஒரே ஒரு நாள் கணக்கைத் துணியில் பதியவையுங்கள். ஆறு இழை நூலில் ஓர் இழை பிரித்துப் பின்தையல் போட்டால் அம்மாவின் கை போன வழியிலேயே உங்கள் ஊசியும் போகும். "1/2 லி" என்று எழுதியிருந்தால் அப்படியே வரட்டும், கவிதையெல்லாம் சேர்க்க வேண்டாம். நைந்த மடி, நிழலச்சு, கையெழுத்து என்று இந்த மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ரெசினும் பசைத் துப்பாக்கியும் இதில் வேண்டாம். ரெசின் வெயிலில் மஞ்சளாகும், பசை துணியை விறைக்கவைக்கும், இரண்டையும் பிரித்தெடுக்கவே முடியாது. பிரிக்கலாம் என்று அக்காவுக்குச் சொன்ன வாக்கும் போய்விடும். மணிகளைப் பேத்தியிடம் கொடுங்கள், பேத்தி இல்லாவிட்டால் தெருவில் குழந்தைகளுக்கா பஞ்சம்?

வருஷ திதிக்குள் முடியாவிட்டாலும் பரவாயில்லை. திதிக்கு வருகிறவர்களில் அம்மாவோடு உட்கார்ந்து பீடி சுற்றியவர்கள் இருந்தால் ஆளுக்கு ஒரு வரி நூலோட்டச் சொல்லுங்கள். அவர்கள் கை உங்கள் கையைவிட வேகமாக ஓடும்.

மாட்டும்போது கீழ்க் கம்புக்கும் இரண்டு ஆணி அடியுங்கள். சுருட்டிய சேலையின் கனம் முழுக்க நைந்த இடத்தில் தொங்கினால் ஒரே மாதத்தில் கிழிந்துவிடும். மேற்கு வெயில் படும் சுவர் வேண்டாம். உங்கள் ஊர்ச் சாரல் காலத்தில் வெளிச்சுவர் ஓதம் காக்கும், அதனால் உட்சுவரில் மாட்டுங்கள். கண்ணாடிச் சட்டம்தான் வேண்டும் என்றால் கண்ணாடி துணியைத் தொடாமல் விரல் அகலம் இடைவெளி விட ஃப்ரேம் கடையில் சொல்லுங்கள். சாரல் ஓய்ந்ததும் கழற்றி, பின்பக்கம் பூச்சி இருக்கிறதா பார்த்து, ஒரு பகல் நிழலில் காற்றாடவிட்டு மறுபடி மாட்டினால் போதும்.