இன்னும் எத்தனை நாடுகள்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நானும் என் கணவரும் நான்கு ஆண்டுகளாக ஃப்ராங்க்ஃபர்ட்டில் வசிக்கிறோம். அவர் மென்பொருள் துறையில் இருக்கிறார். நான் குடும்ப விசாவில் வந்து, மொழி படித்து, இப்போது ஓர் ஆய்வகத்தில் பகுதிநேரமாக வேலை பார்க்கிறேன். வந்த நாள் முதல் விடுமுறை என்றாலே பயணம்தான். இதுவரை 17 நாடுகள். அவரிடம் ஓர் எக்செல் கோப்பு இருக்கிறது. நாடு, நகரம், பார்க்க வேண்டிய இடம் எல்லாம் அதில் உண்டு. பார்த்து முடித்தால் பச்சை நிறம்.

சென்ற அக்டோபரில் ரோம் போனோம். மூன்றாம் நாள் வத்திக்கான் அருங்காட்சியகத்தை விட்டு வெளியே வந்ததும், இனி எங்கும் வரமாட்டேன் என்று ஒரு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். "இரண்டு வருடத்தில் ஒப்பந்தம் முடிகிறது. அப்புறம் எப்போது இதையெல்லாம் பார்ப்பது?" என்று கோபித்துக்கொண்டார். "பார்த்ததில் எது எந்த ஊர் என்றே எனக்கு நினைவில்லை" என்றேன். மறுநாள் காலைவரை இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

உண்மையைச் சொன்னால், இங்கே மைன் ஆற்றங்கரை பெஞ்சில் உட்கார்ந்து சரக்குப் படகுகளை வேடிக்கை பார்ப்பதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. நண்பர்கள் எங்களைக் கொடுத்துவைத்தவர்கள் என்கிறார்கள். கேட்கும்போது குற்ற உணர்வு வருகிறது. எனக்குப் பயணத்தில் ஆர்வமே இல்லையா? கணவன் மனைவி தனித்தனியாகச் சுற்றுவது தவறா? மீதமுள்ள இரண்டு ஆண்டுகளில் எதைப் பார்ப்பது?

ச., ஃப்ராங்க்ஃபர்ட்

*

அன்புள்ள ச.,

முதலில் உங்கள் கணவருக்காகக் கொஞ்சம் வாதாடிவிடுகிறேன். ஒப்பந்தத்தின் பேரில் வெளிநாட்டில் வாழ்கிறவரின் பணப்பையில் ஒரு வசிப்பிட அட்டை இருக்கிறது. அதில் காலாவதித் தேதி அச்சிடப்பட்டிருக்கிறது. அதைச் சுமந்துகொண்டு திரிபவருக்கு ஐரோப்பா முழுவதும் விரைவில் மூடப்போகும் கடையாகத் தெரிவதில் வியப்பில்லை. எக்செல் கோப்பைக் கேலி செய்யாதீர்கள். அதைப் போடவைப்பது பேராசை அல்ல, பயம்.

ஆனால் அவர் கணக்குப் போடும் முறையில் எனக்கு உடன்பாடு இல்லை. பத்து நாளில் ஏழு நாடு என்று பஸ்ஸில் அழைத்துப்போகும் சுற்றுலாக்களுக்கு ஒரு நியாயம் இருக்கிறது. விசா ஒருமுறைதான் கிடைக்கும், விமானக் கட்டணம் ஒருமுறைதான் கட்டமுடியும், ஆகவே கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளிக்கொண்டு வரவேண்டும். உங்களுக்கு அந்த அவசரம் எங்கிருந்து வந்தது? ஜெர்மனியின் வசிப்பிட அட்டை இருந்தால், மற்ற ஷெங்கன் நாடுகளில் (தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகள்) எந்த 180 நாட்களிலும் 90 நாட்கள்வரை விசா இல்லாமல் தங்கலாம். வெள்ளி மாலை ரயிலேறி ஞாயிறு இரவு வீடு திரும்பலாம். பிடித்த ஊருக்கு அடுத்த மாதமே மறுபடி போகலாம். வெளிநாட்டில் வாழ்கிறவருக்கு வாய்த்த பெரிய வசதியே இந்த "மறுபடி"தான். உங்கள் கடிதத்தில் 17 நாடுகள் இருக்கின்றன, இரண்டாம் முறை போன ஓர் ஊர்கூட இல்லை.

முதல்முறை போகும்போது நாம் ஊரைப் பார்ப்பதில்லை. ஏற்கெனவே படத்தில் பார்த்தது அங்கே இருக்கிறதா என்று சரிபார்க்கிறோம். இருக்கிறது, படம் எடுக்கிறோம், அடுத்த இடத்துக்கு ஓடுகிறோம். எது எந்த ஊர் என்று நினைவில்லை என்கிறீர்களே, அதில் உங்கள் குற்றம் ஒன்றுமில்லை. பெரிய நகரங்களின் நடுத்தெருக்களில் எங்கு போனாலும் அதே துணிக்கடைகள்தான் இருக்கின்றன.

ரோம் சண்டையைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். மூன்றாம் நாள், வத்திக்கான், கால்வலி. அந்தப் படிக்கட்டில் உட்காராமல் போகிறவர்களைத்தான் நான் சந்தேகிப்பேன்.

இனி உங்கள் பெஞ்சுக்கு வருகிறேன். பயணத்தில் ஆர்வம் இல்லாதவர் சரக்குப் படகுகளை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். மேற்கே போகும் படகு மைன்ஸ் நகருக்கு எதிரே ரைன் நதியில் சேர்ந்து ராட்டர்டாம் வழியாக வடகடலை அடையலாம். எதிர்த்திசையில் போவது, 1992-ல் திறக்கப்பட்ட மைன்-டான்யூப் கால்வாயில் ஏறி இறங்கிக் கருங்கடல்வரைகூடப் போகலாம். ஒரே பெஞ்சிலிருந்து இரண்டு கடல்கள். நாடுகளைத் தற்காலிகமாக மறந்துவிட்டு, இந்த இரண்டு ஆண்டுகளை ஒரே ஓர் ஆற்றுக்குக் கொடுங்கள். ரைன் உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் இருக்கிறது.

உங்கள் கணவர் இதைக் கேட்டுச் சோர்ந்துபோக வேண்டாம், எண்களுக்கு இங்கே பஞ்சமில்லை. கான்ஸ்டன்ஸ் நகரப் பாலத்தைப் பூஜ்யமாக வைத்து, கடல்வரை ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கரையில் ஒரு பலகை நட்டிருக்கிறார்கள். ரைன் கரையின் புகழ்பெற்ற லோரலைப் பாறை 554, கொலோன் நகரம் 688. பச்சை அடிக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டங்கள்! இன்னொன்றும் அவருக்குச் சொல்லுங்கள். ரைனின் நீளம் 1,320 கிலோமீட்டர் என்று பல பத்தாண்டுகளாகக் கலைக்களஞ்சியங்கள் அச்சிட்டுவந்தன. 2010-ல் கொலோன் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் பழைய நூல்களோடு ஒப்பிட்டு, உண்மையான நீளம் ஏறத்தாழ 1,230 என்று காட்டினார். யாரோ இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுத, மற்றவர்கள் அதையே பார்த்து எழுதியிருக்கிறார்கள். கோப்புகளை நம்புகிறவர் தெரிந்துவைத்திருக்க வேண்டிய கதை.

தனித்தனியாகச் சுற்றலாமா என்ற கேள்விக்கு மைன்ஸுக்கும் கோப்லென்ஸுக்கும் இடைப்பட்ட பகுதியில் ஒரு நல்ல பதில் இருக்கிறது. எண்பது கிலோமீட்டருக்கும் அதிகமான அந்தத் தூரத்தில் ரைனுக்குக் குறுக்கே ஒரு பாலம்கூடக் கிடையாது. பிங்கன் அருகே இருந்த ரயில்பாலத்தை 1945-ல் ஜெர்மானிய ராணுவமே தகர்த்தது. போருக்குப் பிறகு அதைத் திரும்பக் கட்டவில்லை. கடக்க வேண்டுமென்றால் படகுத்துறைதான். ஆனால் இரண்டு கரைகளிலும் ரயில்பாதை உண்டு. ஒரு சனிக்கிழமை காலை நீங்கள் மைன்ஸில் இடதுகரை ரயிலில் ஏறுங்கள். அவர் வீஸ்பாடனில் வலதுகரை ரயிலில் ஏறட்டும். சாங்ட் கோவார் படகுத்துறையில் சந்தித்துக்கொள்ளுங்கள். இருவரும் ஒரே ஆற்றின் ஓரமாகத்தான் வருவீர்கள், ஆனால் பார்த்தது வேறாக இருக்கும். உங்கள் தலைக்கு மேலே இருக்கும் கோட்டை உங்களுக்குத் தெரியாது, எதிர்க்கரையில் வரும் அவருக்குத் தெரியும். அவர் தலைக்கு மேலே இருப்பது உங்களுக்குத்தான் தெரியும். லோரலைப் பாறையோ வலதுகரையில் இருக்கிறது. இந்தக் கரையிலிருந்து நீங்கள் அதை முழுதாகப் பார்ப்பீர்கள். உலகமே படம் எடுக்கும் அந்தப் பாறையை அவருடைய ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்து கடந்துவிடும். அவர் காண்பது இருட்டை மட்டுமே. அன்று மாலை உங்களுக்குள் பேச விஷயம் இருக்கும். திரும்பும்போது கரை மாறிக்கொள்ளுங்கள்.

எனவே என் பதில், அரை நாள் பிரிவது மிக நல்லது. ஒரு வாரம் தனியாகப் போக ஆசை வந்தாலும் போய்வாருங்கள், தவறே இல்லை. ஆனால் சண்டைக்குப் பயந்து தனியாகப் போகாதீர்கள். சண்டை வீட்டிலும் காத்திருக்கும்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கிய ஜெர்மனி டிக்கெட் 2026-ல் மாதம் 63 யூரோவாகிவிட்டது. இரண்டு கரைகளின் வட்டார ரயில்களுக்கும் அது செல்லும், அதிவேக ரயில்களுக்குச் செல்லாது. நிதானமாக ஆற்றைப் பார்க்க வட்டார ரயிலே போதும் என்பதால் நஷ்டமில்லை.

ரைனில் பயணம் செய்த ஒரு ஜோடியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1814-ல் கவிஞர் ஷெல்லியும் பிற்பாடு அவர் மனைவியான மேரியும் இங்கிலாந்திலிருந்து ஓடிப்போனார்கள். மேரிக்கு அப்போது பதினாறு வயது. வழியில்தான் பதினேழு ஆயிற்று. உடன் மேரியின் மாற்றாந்தாய் மகளும் போனாள். (மூன்றாவதாக ஒருவரை அழைத்துப்போவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன்.) போரில் சிதைந்திருந்த பிரான்ஸின் ஊர்களைக் கடந்து சுவிட்சர்லாந்து சேர்ந்து, ஆறு மாதத்துக்கு வீடு பிடித்து, சில நாட்களிலேயே கையில் பணமில்லை என்று தெரிந்து கிளம்பினார்கள். மலிவான வழி என்று பார்த்தபோது கிடைத்தது நதி. ரைன் அழகைக் காண அவர்கள் படகேறவில்லை, காசு தீர்ந்ததால் ஏறினார்கள். இருவரும் சேர்ந்து ஒரே நாட்குறிப்பை எழுதிவந்தார்கள். ஷெல்லி தொடங்கினார், போகப்போகப் பெரும்பாலும் மேரியே எழுதினார். சகபயணிகள் மீது அவருக்கிருந்த எரிச்சல் அதில் தாராளமாகப் பதிவாகியிருக்கிறது. மூன்று ஆண்டுகள் கழித்து ஆசிரியர் பெயர் இல்லாமல் அது நூலாக வந்தது. உங்கள் எக்செல் கோப்பில் ஒரு பத்தியைக் கூட்டி அதை உங்களுக்கென்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே நீங்கள் புகார்களை எழுதலாம். பத்து வருடம் கழித்துப் படிக்கும்போது பச்சைக் கட்டங்களைவிட அந்தப் புகார்களே அந்த நாளைத் திருப்பிக் கொடுக்கும்.

அருங்காட்சியகங்கள் உங்களை வாட்டியிருப்பது தெரிகிறது. ஆகவே முழுவழியிலும் ஒரே ஓர் ஓவியத்தை மட்டும் சொல்கிறேன். ரைன் சமவெளியில், பிரான்ஸ் பக்கம், கொல்மார் நகரத்தின் உன்டர்லிண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஈசென்ஹைம் பலிபீட ஓவியம். மத்தியாஸ் க்ரூனவால்ட் 1512-க்கும் 1516-க்கும் இடையே வரைந்தது. அது வரையப்பட்டது ஒரு மடத்துக்காக. அங்கே துறவிகள் ஒரு கொடிய நோய் கண்டவர்களைப் பராமரித்தார்கள். கோதுமைக்கு உறவான ரை தானியத்தில் பற்றும் ஒரு பூஞ்சை ரொட்டி வழியாக உடலுக்குள் போய், கைகால் தீப்பட்டதுபோல் எரிந்து, கறுத்து, அழுகும். அந்த நோயாளிகளைத்தான் இந்த ஓவியத்தின் முன் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சிலுவையில் தொங்கும் உடல் முழுக்கப் புண், தோலில் முட்கள், பச்சைபாய்ந்த நிறம். பார்த்த நோயாளிக்குத் தன் உடம்பே அங்கு தொங்குவதாகத் தோன்றியிருக்கும். அதே ஓவியர், உயிர்த்தெழும் காட்சியில், அந்தத் தோலை ஒரு தழும்புமின்றி வரைந்திருக்கிறார், ஆணிக் காயங்களை மட்டும் விட்டுவைத்து. அந்தக் காலத்தில் திருநாட்களுக்கு ஏற்றபடிதான் கதவுபோல் மடியும் அதன் ஓவியப் பலகைகளைத் திறந்து காட்டுவார்கள். இன்று பிரித்து வைத்திருப்பதால் எல்லாப் பக்கங்களையும் சுற்றிவந்து பார்க்கலாம். நீங்கள் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர், அந்தப் புண்களை உங்கள் கணவரைவிடக் கூடுதல் நேரம் பார்ப்பீர்கள் என்று நினைக்கிறேன். அவர் முதலில் வெளியே போய்விட்டால் போகட்டும். அன்றைக்கு வேறெதையும் பார்க்காதீர்கள்.

ஊற்றுக்கும் ஒருமுறை போங்கள். சுவிட்சர்லாந்தின் ஓபரால்ப் கணவாய்வரை ரயில் போகிறது. அங்கிருந்து தோமா ஏரிக்கு மலையேற்றம், கோடையில் மட்டும். கணவாயிலேயே, கடல்மட்டத்திலிருந்து 2,044 மீட்டர் உயரத்தில், பனிமலைகளுக்கு நடுவே, சிவப்பாக ஒரு கலங்கரை விளக்கம் நிற்கும். நதி முடியும் இடத்தில், ஹோக் வான் ஹாலந்தில் முன்பு நின்றிருந்ததன் சிறிய நகல் அது. எந்தக் கப்பலுக்கு என்று கேட்காதீர்கள். எனக்கு இந்த மாதிரிப் பைத்தியக்காரத்தனங்கள் பிடிக்கும்.

நண்பர்கள் சொல்வதற்குக் குற்ற உணர்வு எதற்கு? கொடுத்துவைத்தவர்கள்தான், ஒப்புக்கொண்டு சும்மா இருங்கள்.

எப்போது போவது என்றால், கூட்டத்துக்குப் பயந்து எல்லோரும் தவிர்க்கச் சொல்லும் கோடையைவிட இலையுதிர்காலத்தையே நான் சொல்வேன். வறட்சியான ஆண்டுகளில் ரைன் அப்போது வற்றும். கௌப் என்ற சிற்றூரில் ஆற்றின் நடுவே ஒரு பழைய சுங்கக் கோட்டை நிற்கிறது. 2018 அக்டோபரில் அதற்கு மக்கள் ஆற்றுப்படுகையில் நடந்தே போனார்கள். அவ்வூர் நீர்மட்ட அளவுகோல் அப்போது 25 சென்டிமீட்டர் காட்டியது. அது ஆற்றின் ஆழம் அல்ல, கப்பல் செல்லும் பாதையில் இன்னும் ஒரு மீட்டருக்குச் சற்று மேல் நீர் இருந்தது. ஆனாலும் சரக்குப் படகுகள் பாரத்தைக் குறைத்துக்கொண்டுதான் போகமுடிந்தது. அந்த அளவுகோலின் தினசரி எண் இணையத்தில் கிடைக்கும். உங்கள் பெஞ்சைக் கடக்கும் படகு ஏன் பாதி காலியாகப் போகிறது என்பதை அவரே உங்களுக்கு விளக்கிச் சொல்லட்டும், அவருக்கும் சந்தோஷமாக இருக்கும்.

நெதர்லாந்துப் பகுதியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். லோபித் அருகே எல்லையைத் தாண்டியதும் நதி கிளை பிரிந்து பெயரையும் மாற்றிக்கொள்கிறது. பெரும்பகுதி நீர் வால் என்ற பெயரில் ராட்டர்டாம் துறைமுகத்தை நோக்கிப் போகிறது. ரைன் என்ற பழைய பெயரை விடாத மெலிந்த கிளை உட்ரெக்ட், லைடன் வழியாகக் காட்விக் என்ற கடற்கரை ஊரில் போய்ச் சேர்கிறது. எதைப் பின்தொடர்வது என்பதில் நீங்கள் இருவரும் நிச்சயம் சண்டை போடுவீர்கள். கிலோமீட்டர் பலகைகள் ராட்டர்டாம் வழியாகத்தான் போகின்றன என்று அவர் வாதிடுவார். என் ஓட்டு காட்விக்குக்கு.

அன்புடன்