ஒரு டாக்டர் லூபஸ் என்கிறார், இன்னொருவர் இல்லை என்கிறார்: யாரை நம்புவது?

கேள்வி: மண்டபம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். என் தங்கச்சிக்கு 26 வயது, கடலில் பாசி எடுக்கப் போகிறவள். ஐந்து மாதமாக விரல் மூட்டிலும் மணிக்கட்டிலும் வலி. காலையில் கை மடங்க ஒரு மணி நேரம் ஆகிறது. முடி கொத்தாகக் கொட்டுகிறது. இரண்டு கன்னத்திலும் கருமை படர்ந்திருக்கிறது. ஏஎன்ஏ பாசிட்டிவ். ஒரு டாக்டர் "12 மார்க் வருகிறது, லூபஸ்தான்" என்றார். இன்னொருவர் "8தான் வருகிறது, லூபஸ் இல்லை" என்றார். ரத்தம் எடுக்க வருகிறவர் இன்னொரு பெரிய 'பேக்கேஜ்' பார்க்கச் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: லூபஸ் என்பது உடலின் எதிர்ப்புச் சக்தியே தன் மூட்டையும் தோலையும் சிறுநீரகத்தையும் தாக்கும் நோய். ஏஎன்ஏ அதைத் தேடும்போது முதலில் பார்க்கும் ரத்தப் பரிசோதனை. இரண்டு டாக்டர்களின் கூட்டல் கணக்கும் சரி. வித்தியாசம் தங்கச்சியின் கன்னத்தில் இருக்கிறது.

அவர்கள் போட்டது, ஐரோப்பிய, அமெரிக்க மூட்டுவாத மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து 2019-ல் வெளியிட்ட மதிப்பெண் பட்டியல். ஏஎன்ஏ 1:80 (ரத்தத்தை 80 மடங்கு நீர்க்க வைத்த பிறகும் தெரிவது) அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் கணக்கையே தொடங்கலாம். பிறகு உறுப்பு வாரியாக மதிப்பெண்; 10 வந்தால் லூபஸ் என்று வகைப்படுத்துவார்கள். மூட்டுக்கு 6. தோல், முடி, வாய்ப்புண் எல்லாம் ஒரே பிரிவு. அதில் எது பெரியதோ அது மட்டும்தான் சேரும். முடி கொட்டுவதற்கு 2, கன்னத்தில் வரும் லூபஸ் தடிப்புக்கு 6. கன்னத்தைத் தடிப்பு என்று எடுத்தவருக்கு 6-ம் 6-ம் 12. அது வெறும் மங்கு, அதாவது முகத்தில் படரும் சாதாரணக் கருமை, என்று விட்டவருக்கு மூட்டு 6, முடி 2, ஆக 8.

இந்தப் பட்டியல் எதற்காக வந்தது என்பதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். மருந்து ஆராய்ச்சிக்கு ஒரே மாதிரியான நோயாளிகளைச் சேர்ப்பதற்காக வந்தது. ஒருவருக்கு நோய் உண்டா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல அல்ல. சோதித்துப் பார்த்தபோதே உண்மையான லூபஸ் நோயாளிகளில் 100-க்கு 4 பேரை அது தவறவிட்டது; லூபஸ் இல்லாதவர்களில் 100-க்கு 7 பேரை உள்ளே சேர்த்தது. 8 வந்தவருக்கும் லூபஸ் வைத்தியம் தேவைப்படலாம். ஆனால் டாக்டர் நிரப்பும் படிவத்தில் 'உண்டு', 'இல்லை' என்று இரண்டு கட்டங்கள்தான் இருக்கின்றன. அந்தக் கட்டத்தை நிரப்புவதற்காக ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு, ஒரு நாள் கூலியை விட்டு பஸ் ஏறி வந்தவரைத் திருப்பி அனுப்புவது கொஞ்சமும் நியாயமில்லை.

இப்போது கன்னம். லூபஸ் தடிப்பு 'சிவப்பாக' இருக்கும் என்று படிக்கிறோம். அது வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதியது. உப்புத் தண்ணீரிலும் வெயிலிலும் கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. கத்தரிப்பூ நிறமாகவோ கரும்பழுப்பாகவோதான் தெரியும். எனவே கண்ணை மட்டும் நம்பாமல் விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். மங்கு தட்டையாக இருக்கும். சூடு, அரிப்பு, எரிச்சல் இருக்காது. மாதக்கணக்கில் மெல்லப் பரவி நெற்றிக்கும் மேலுதட்டுக்கும் போகும். லூபஸ் தடிப்பு தொட்டால் சற்றே மேடாக, வெதுவெதுப்பாக இருக்கும். வெயிலில் போய்வந்து ஓரிரு நாளில் கிளம்பும், பிறகு தணியும், தணிந்த இடத்தில் கருமையை விட்டுப்போகும். மூக்கோரத்திலிருந்து வாய்க்கு இறங்கும் மடிப்பை அது பெரும்பாலும் விட்டுவிடும். பாசி எடுக்கிறவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. முக்குளிக்கும்போது போடும் கண்ணாடியின் ரப்பர் விளிம்பு மூக்குத் தண்டிலும் கன்னத்திலும் அழுத்தி அங்கேயே கருமை விழும். தங்கச்சி அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிற்கட்டும். கருமையின் ஓரமும் விளிம்பும் ஒன்றாகப் பொருந்துகிறதா பாருங்கள். பொருந்தினால் அது கண்ணாடித் தழும்பு.

தடிப்பு கிளம்பியிருக்கும் அன்றே போனில் படம் எடுங்கள். வாசலில் பகல் வெளிச்சத்தில், ஃப்ளாஷ் இல்லாமல், முகத்தை வெளுப்பாக்கும் ப்யூட்டி மோடை அணைத்துவிட்டு எடுக்க வேண்டும். நேராக ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. டாக்டரைப் பார்க்கும் நாளில் முகம் தெளிந்திருந்தாலும் இந்தப் படம் பேசும். பட்டியலில் உள்ள எல்லாமும் ஒரே நாளில் இருக்க வேண்டும் என்று விதி இல்லை; முன்பு வந்துபோனதும் கணக்கில் சேரும். காது மடலின் குழிவிலும் தலையிலும் வட்டத் தழும்பு இருக்கிறதா, டார்ச் அடித்தால் மேலண்ணத்தில் வலிக்காத புண் தெரிகிறதா என்றும் பாருங்கள்.

மூட்டிலும் இதே கவனம் வேண்டும். பாறையிலிருந்து பாசியைப் பிய்க்கும் கைக்கு வலி வரத்தான் செய்யும். அந்த வலி வேலை முடிந்து மாலையில்தான் கூடும். காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் விறைப்பும், இரண்டு மூட்டிலாவது அமுக்கினால் வலியும் இருந்தால் 6; இரண்டு மூட்டிலாவது வீக்கம் இருந்தாலும் 6. தங்கச்சிக்கு ஒரு மணி நேரம் என்கிறீர்கள். அது வேலைக் களைப்பு இல்லை.

பேக்கேஜ் வேண்டாம். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கிறவர்களில் சிலர் கமிஷனுக்காகவே பெரிய பட்டியலை நீட்டுகிறார்கள். யூரிக் ஆசிட், வைட்டமின் எல்லாம் அதில் இருக்கும். அவசியமான சிறுநீர்ப் பரிசோதனை பெரும்பாலும் இருக்காது. ஏஎன்ஏ-வைத் திரும்ப எடுக்கச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். முதல் ரிப்போர்ட்டில் 1:160, 1:320 என்று அளவு போட்டிருந்தால் ஒரு முறை போதும். வெறுமனே 'பாசிட்டிவ்' என்றிருந்தால், எந்த முறையில் பார்த்தார்கள், எவ்வளவு வந்தது என்று எழுதிக் கேளுங்கள். காசு வாங்கிக்கொண்டு ஒற்றை வார்த்தை அச்சடித்துத் தருவது ரிப்போர்ட்டே இல்லை. ஆரோக்கியமாக இருக்கும் 100 பேரைப் பார்த்தாலே 13 பேருக்கு 1:80 இருக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது சிறுநீர். லூபஸ் சிறுநீரகத்தைத் தொட்டால் வலி தெரியாது. காலையில் முதலில் போகும் சிறுநீரில் தொடக்கத்தை விட்டு நடுவில் பிடித்து, இரண்டு மணி நேரத்துக்குள் லேப்பில் கொடுங்கள். மாதவிலக்கு நாட்களில் வேண்டாம். ரத்தம் கலந்து கணக்கைக் கெடுக்கும். 'புரோட்டீன் கிரியாட்டினின் விகிதம்' என்று எழுதிக் கேளுங்கள்; சிறுநீரில் எவ்வளவு புரதம் கசிகிறது என்று அது சொல்லும். கூடவே மைக்ரோஸ்கோப் பரிசோதனை. விகிதம் 0.5-ஐத் தாண்டினால், கன்னம் மங்கா தடிப்பா என்ற வாதமே தேவையில்லை. அதற்கு மட்டும் 4. எட்டோடு சேர்த்தால் 12. ரத்தத்தில் முழு அணு எண்ணிக்கை, கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் வேலையைக் காட்டுவது), சி3, சி4 (லூபஸில் குறையக்கூடிய புரதங்கள்), லூபஸைக் காட்டும் டிஎஸ்-டிஎன்ஏ எதிர்ப்பொருள், ஸ்மித் எதிர்ப்பொருள். இவ்வளவு போதும். கடைசி இரண்டில் ஒன்று வந்தாலே 6. வெள்ளணு 4,000-க்குக் கீழே இருந்தால் 3, தட்டணு (ப்ளேட்லெட்) ஒரு லட்சத்துக்குக் கீழே இருந்தால் 4. இந்த இரண்டும் ஒரே பிரிவு, பெரியது மட்டும் சேரும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். மூட்டு வலிக்கு என்று பெயர் போடாத பொட்டலத்தில் மாத்திரையோ, ஊர் ஊராக விற்கும் பொடியோ சாப்பிட்டாளா? முகம் வெளுக்க என்று கடையில் கேட்டு வாங்கிய க்ரீம் தடவினாளா? பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். வீக்கம் இரண்டே நாளில் வடியும், தடிப்பு மறையும், பரிசோதனை முடிவுகள் மங்கிவிடும். நோய் உள்ளே வேலை செய்துகொண்டே இருக்கும். க்ரீமை நிறுத்தலாம். மாத்திரையையோ பொடியையோ சில வாரமாகச் சாப்பிட்டு வந்திருந்தால் சட்டென்று நிறுத்தக் கூடாது. ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரலாம். பொட்டலத்தோடு டாக்டரிடம் போய்க் காட்டி, அவர் சொல்கிறபடி குறையுங்கள். காசநோய் மாத்திரை சாப்பிட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். அதிலுள்ள ஐசோநியாசிட் சிலருக்கு லூபஸ் மாதிரியே காட்டும்.

படங்கள், பழைய ஓபி சீட்டுகள், ரிப்போர்ட்டுகள் எல்லாவற்றையும் தேதி வரிசையில் ஒரே ஃபைலில் போட்டு, ராமநாதபுரத்திலோ மதுரையிலோ மூட்டுவாத நிபுணரிடம் காட்டுங்கள். "மதிப்பெண் எத்தனை?" என்று கேட்காதீர்கள். "சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா? ஹைட்ராக்ஸி குளோரோகுயின் தொடங்கலாமா?" என்று கேளுங்கள்; அது லூபஸுக்கு வழக்கமாகக் கொடுக்கும் மாத்திரை. அதுவரை தங்கச்சி உச்சி வெயிலில் தண்ணீருக்குள் இறங்க வேண்டாம். கால் வீங்கினாலோ, சிறுநீர் நுரைத்து நுரை அடங்காமல் நின்றாலோ, மூச்சு இழுக்கும்போது நெஞ்சு குத்தினாலோ ஃபைலுக்காகக் காத்திருக்காமல் அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.