பொம்மை வாங்கிக் கொடுத்த அப்பா

கேள்வி: ஒரே ஒரு காட்சிக்காகத் திரும்பப் பார்க்கலாம் என்று தோன்றும் சுமாரான எபிசோடு எது?

எனக்கு யோசிக்கவே வேண்டாம். 2015 மே மாதம் வந்த கேம் ஆஃப் த்ரோன்ஸ் ஐந்தாவது சீசனின் நான்காவது எபிசோடு, 'சன்ஸ் ஆஃப் த ஹார்ப்பி'. (அந்த சீசனை முடிக்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பெரிய விஷயம் ஒன்றைப் போட்டு உடைக்கப் போகிறேன்.)

எபிசோடில் பாதி, ஆட்களை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு நகர்த்துவதிலேயே போய்விடும். ஜெய்மியும் ப்ரோனும் டோர்ன் கரையில் இறங்குகிறார்கள், டிரியனைக் கட்டிப்போட்டு ஜோரா படகில் கொண்டுபோகிறான், மணல் பாம்புகள் என்று மூன்று சகோதரிகள் வந்து ஆளுக்கொரு பன்ச் பேசுகிறார்கள், கொட்டாவிதான் வருகிறது. கடைசி சண்டை பரவாயில்லை, ஆனாலும் பாரிஸ்டன் மாதிரி ஒரு வாள்வீரரை முகமூடிக் கூட்டம் சந்துக்குள் வீழ்த்துவதை நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

நடுவில் காசில் பிளாக் என்ற வடக்குக் கோட்டையில் ஓர் அறை. போரடிக்கிறது என்று ஷிரீன் அப்பாவைத் தேடி வருகிறாள், முகத்தில் ஒரு பக்கம் கல்லாக இறுகிப்போன சின்னப் பெண். பேச்சுவாக்கில் கேட்டுவிடுகிறாள்: என்னைப் பார்த்தால் உங்களுக்கு அவமானமாக இருக்கிறதா அப்பா?

அரியணைக்காகப் போராடும் அந்த அப்பா, ஸ்டானிஸ், 'இல்லை' என்று சொல்வதில்லை. கணக்கு ஒப்பிக்கிற மாதிரி ஒரு பழைய கதையைச் சொல்கிறார். நீ கைக்குழந்தையாக இருந்தபோது டோர்னிலிருந்து ஒரு வியாபாரி வந்தான், அவன் சரக்கெல்லாம் குப்பை, ஒரு மரப்பொம்மையைத் தவிர, அதற்கு நம் குடும்ப நிறத்தில் சட்டை வேறு தைத்திருந்தான், தொட்டிலில் வைத்ததும் நீ அதைக் கன்னத்தோடு அணைத்துக்கொண்டாய். உடம்பைக் கல்லாக்கும் நோய் அந்தப் பொம்மையில்தான் இருந்தது. என் தப்பு என்று அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்வதில்லை, ஆனால் சட்டையின் நிறம்வரை ஞாபகம் வைத்திருக்கிறார் பாருங்கள். குழந்தையை வலிரியா என்ற அழிந்த நகரத்தின் இடிபாடுகளுக்கு, அதே நோய் முற்றிய கல் மனிதர்களோடு இருக்க அனுப்பிவிடச் சொன்னார்களாம். எல்லாரையும் நாசமாய்ப் போங்கள் என்று சொல்லிவிட்டு, கிடைத்த வைத்தியரையெல்லாம் வரவழைத்தேன், ஏனென்றால் நீ பராத்தியன் குடும்பத்து இளவரசி ஷிரீன், என் மகள் என்கிறார்.

அவள் ஓடி வந்து கட்டிக்கொள்கிறாள். மனுஷனுக்குக் கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை, கொஞ்சம் திணறி அப்புறம்தான் அணைக்கிறார். ஸ்டானிஸாக நடித்த ஸ்டீபன் டிலேன் அந்த ஒரு நொடியில் செய்ததை மற்றவர்கள் அந்த எபிசோடு முழுக்கச் செய்யவில்லை.

சரி, இப்போது ஏன் இதைத் திரும்பப் பார்ப்பது கஷ்டம் என்றால், ஊரே சொல்லியும் மகளை விட்டுக்கொடுக்காத இதே அப்பா, ஒன்பதாவது எபிசோடில் நெருப்புக் கடவுளின் பூசாரி மெலிசாண்ட்ரே பேச்சைக் கேட்டு அவளைத் தீயிலிடச் சம்மதிக்கிறார். விஷயம் தெரியாத ஷிரீன் அதற்குச் சற்று முன்புதான், உங்களுக்கு உதவ ஆசைப்படுகிறேன் என்று சொல்லி, அன்றைக்கு அவர் சொன்ன அதே வரியை அவரிடமே சொல்கிறாள்: நான் இளவரசி ஷிரீன், உங்கள் மகள்.