கேளுங்கோ, சொல்லுறன்: ஏழடி அகலப் பப்புக்குள் நான் போகலாமா?

கேள்வி: மகன் லண்டனில் இருக்கிறார். வருகிற ஆனியில் நானும் கணவரும் போகிறோம். பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் என்ற ஊரில் மிகச் சிறிய பழைய பப் ஒன்று இருக்கிறதாம், அங்கே கூட்டிக்கொண்டு போவேன் என்று பிள்ளை ஒற்றைக்காலில் நிற்கிறார். நான் குடிக்காத ஆள், மரக்கறிக்காரி. ஐம்பத்தெட்டு வயதில் சேலையோடு அப்படி ஓர் இடத்துக்குள் போவது சரியா?
- வாசகி, கோண்டாவில்

பதில்: போங்கள். தயங்காமல் போங்கள். இதே கேள்வியை என் மகளிடம் நானும் கேட்டிருக்கிறேன், அதுவும் அந்தக் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டு. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கள்ளுத் தவறணை இருந்த ஒழுங்கையைத் தவிர்ப்பதற்காக அரை மைல் சுற்றி வீட்டுக்கு வந்தவள் நான். அந்தப் பயம் அன்றைக்கும் காலில் இருந்தது. மகள் கையைப் பிடித்து, "அம்மா, இது சனம் இருந்து கதைக்கிற இடம், வாங்கோ" என்றாள்.

உங்கள் மகன் சொல்வது 'நட்ஷெல்' என்ற பப்பாகத்தான் இருக்க வேண்டும். கொட்டையின் ஓடு என்று அர்த்தம். பொருத்தமான பெயர். உள்ளே 15 அடி நீளம், 7 அடி அகலம், அவ்வளவுதான். பரப்புக்குப் பதினெட்டுக் குழி என்ற எங்கள் காணிக் கணக்கில் ஒரு குழிகூட வராது. 1867இலிருந்து பப்பாக நடக்கிறது. பிரித்தானியாவிலேயே சிறியது தாங்கள்தான் என்கிறார்கள். வேறு சில இடங்களும் அதே உரிமையைக் கோருகின்றன, அந்த வழக்கு நமக்கு வேண்டாம். 1984இல் இதற்குள் 102 பேர் நெருக்கியடித்து ஏறி நின்றார்களாம், கூடவே ஒரு நாயும்! நான் போனபோது எட்டுப் பேர் இருந்தோம், அதற்கே முழங்கை இடித்தது.

கண் இருட்டுக்குப் பழகியதும் மேலே பாருங்கள். கூரையில் பல நாட்டுக் காசுத் தாள்கள் ஒட்டிக் கிடக்கும். சுவரில் பழைய படங்கள், சாமான்கள். இவற்றுக்கு நடுவே ஒரு பூனை தொங்குகிறது. பொம்மை இல்லை, உண்மையான பூனை. கருவாட்டுத் தோல் மாதிரிக் காய்ந்து கறுத்து, விலா எலும்பு தெரிய இருக்கும். முதலில் எனக்கு நெஞ்சு திக்கென்றது. மரக்கறிக்காரியான உங்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லத்தான் வேண்டும். அந்தக் காலத்தில் இங்கிலாந்துக்காரர் வீடு கட்டும்போது கெட்டது அண்டாமல் இருக்கப் பூனையைச் சுவருக்குள் வைத்து மூடுவார்களாம். பழைய வீடுகளை இடிக்கும்போது இப்படிப் பல பூனைகள் வெளியே வந்திருக்கின்றன. விளக்கம் கேட்டதும் எனக்குப் பயம் போய்விட்டது. நாங்கள் புது வீட்டுக்கு வெருளி கட்டி, நீற்றுப்பூசணிக்காய் தூக்குகிறோமே, அதே நாவூற்றுப் பயம்தான் அவர்களுக்கும். அதைத் தொட்டால் கூடாது என்று அங்கே ஒரு நம்பிக்கை உண்டு. நான் தொடவில்லை. நீங்களும் தொட வேண்டாம், அடுத்தவர் நம்பிக்கை.

குடிக்காததைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். தோடம்பழச் சாறோ, லைமும் சோடாவுமோ கேளுங்கள். மேசைக்கு வந்து யாரும் கேட்க மாட்டார்கள். நீங்களே கவுண்டருக்குப் போய், சொல்லி, காசைக் கொடுத்து, கையோடு வாங்கிவர வேண்டும். வரிசை இருப்பதாகக் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் யாருக்கு முன் யார் வந்தார் என்பது அங்கே நிற்கிற எல்லாருக்கும் தெரியும், முந்தாதீர்கள். ஏழடி அகலத்துக்குள் ஆளுக்கு ஆள் கதைக்காமல் இருக்கவும் முடியாது. யன்னலோரம் இருந்த ஒரு முதியவர் என் சேலைக் கரையைப் பார்த்து, கையால் நெய்ததா என்று கேட்டார். அரை மணித்தியாலம் கதைத்தோம். மகளுக்கு அவர் பெயர்கூட ஞாபகமில்லை, எனக்கு அவருடைய தோட்டத்து உருளைக்கிழங்கு வரைக்கும் தெரியும்.

சனிக்கிழமை வேண்டாம், கிழமை நாளில் மத்தியானம் போகச் சொல்லுங்கள். சாப்பாட்டை வெளியில் முடித்துக்கொள்ளுங்கள். லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலிருந்து ரயில் ஏறி, இப்ஸ்விச்சில் மாற வேண்டும், இரண்டு மணித்தியாலம் அளவில் ஆகும். அந்த ஊரில் 1539இல் மூடப்பட்ட பெரிய கிறிஸ்தவத் துறவி மடம் ஒன்றின் இடிபாடுகள் பூந்தோட்டத்துக்கு நடுவே நிற்கின்றன. கல்லுக்குக் கல் பார்த்து நடக்க ஒரு காலைப் பொழுதை வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், கைப்பையில் ஒரு புது இருபது ரூபாய்த் தாள் கொண்டுபோங்கள். கூரையில் எங்கள் நாட்டுத் தாளைக் கழுத்து நோகத் தேடினேன், என் கண்ணில் படவில்லை. ஒட்டலாமா என்று கேட்டுப் பாருங்கள். சரி என்றால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

கேள்வி: அங்கே பியரைச் சூடாகக் கொடுப்பார்களாம், உண்மையா? பைண்ட் என்றால் எவ்வளவு?
- வாசகர், சாவகச்சேரி

பதில்: சூடு இல்லை, ஐஸ் குளிரும் இல்லை. பீப்பாவுக்குள்ளேயே புளித்து முடியும் ஏல் என்ற பியர் வகையை நிலவறையில் வைத்து, கைப்பம்பால் இழுத்து ஊற்றுகிறார்கள். நிலவறையின் குளிர் 12 பாகை அளவில் இருக்கும். பைண்ட் 568 மில்லிலீற்றர், இங்கே விற்கும் பெரிய போத்தலிலும் கொஞ்சம் குறைவு. ருசி பார்க்க மட்டும் என்றால் அரைப் பைண்ட் கேட்கலாம், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் நண்பர்களோடு போனால் ஒருவர் மாறி ஒருவர் எல்லாருக்கும் வாங்குவது அங்கே வழக்கம். உங்கள் முறை வரும்போது எழும்பிவிடுங்கள்.

கேள்வி: தவறணை என்பது தமிழ்ச் சொல்லா?
- மாணவி, பருத்தித்துறை

பதில்: இல்லை. போர்த்துக்கேயர் விட்டுப்போன 'டவேர்னா'தான் எங்கள் வாயில் தவறணையானது. ஆங்கிலத்து டாவெர்னும் அதே லத்தீன் வேரிலிருந்து வந்தது. ஆனால் அங்கே கள் குடிக்கிற ஓலைப் பிளா எங்களுடையது. என் அப்பு பச்சைப் பனையோலையை இரு கையாலும் மடித்து, நுனியை ஈர்க்கால் கட்டி, ஒரு சொட்டு ஒழுகாமல் பிளா கோலுவார். அதில் எனக்குக் கூழ்தான் கிடைத்தது. ஓலை மணத்தோடு அந்தக் கூழைக் குடித்த சூடு இன்னும் உதட்டில் இருக்கிறது.