செரட்டோனினைத் தடுத்தால் பதற்றம் குறையுமா? விலங்கு ஆய்வுகள் பற்றிச் சில கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பதற்றத்துக்கு டாக்டர்கள் செரட்டோனினைக் கூட்டும் மாத்திரைதான் தருகிறார்கள். அதைத் தடுக்கும் மருந்தும் பதற்றத்தைக் குறைக்கும் என்கிறார்களே, எப்படி சார்?

செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருள் ஒரே சாவிதான், ஆனால் அது திறக்கும் பூட்டுகள் பல. அந்தப் பூட்டுகள்தான் நரம்பணுக்களில் உள்ள ஏற்பிகள். அவற்றில் 7 குடும்பங்கள், அவற்றுக்குள் 14 துணைவகைகள். 1ஏ என்ற ஏற்பி நரம்பணுவை அடக்கும், 2சி கிளறிவிடும். 3 என்ற குடும்பம் மற்றவற்றைப் போல இல்லாமல் அயனிகளை நேரடியாக உள்ளே விடும் கதவு. ஆகவே "செரட்டோனின் கூடினால் நல்லது, குறைந்தால் கெட்டது" என்ற கணக்கு இங்கே செல்லாது. எந்த ஏற்பி, மூளையின் எந்தப் பகுதியில், எத்தனை நாள் என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

கேள்வி: எலிக்குப் பதற்றம் என்று யார் சொன்னது? அது வாய் திறந்து சொல்லுமா?

சொல்லாது, நாம்தான் ஊகிக்கிறோம். கூட்டல் குறி வடிவில், தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் ஒரு மேடை. நான்கு பாதைகளில் இரண்டுக்குச் சுவர் உண்டு, இரண்டுக்கு இல்லை. எலியை நடுவில் விட்டு 5 நிமிடம் பார்ப்போம். சுவருள்ள பக்கமே ஒண்டிக் கிடந்தால் பயம், திறந்த பக்கம் எட்டிப் பார்த்தால் பயம் குறைவு. சுண்டெலிக்கு வெளிச்சப் பெட்டி, இருட்டுப் பெட்டி என்று இன்னொரு சோதனை இருக்கிறது.

இதில் ஒரு சிக்கல். இந்தச் சோதனைகள் சரியானவைதானா என்று உரசிப் பார்த்த கல் பெரும்பாலும் டயஸிபாம் என்ற பழைய பதற்ற மருந்தின் குடும்பம். டயஸிபாம் கொடுத்தால் எலி திறந்த பாதைக்குப் போகிறது, அதனால் சோதனை சரி என்று முடிவாயிற்று. டயஸிபாம் போல வேலை செய்யாத மருந்து வந்தால் அதே சோதனை தடுமாறுகிறது. இன்று பதற்றத்துக்கு அதிகம் எழுதப்படும், செரட்டோனினைக் கூட்டும் எஸ்எஸ்ஆர்ஐ மாத்திரைகளே, ஒரு தடவை மட்டும் கொடுத்துப் பார்த்தால் இந்த மேடையில் பல நேரம் தேறுவதில்லை. எனக்கு இந்தத் துறையில் உள்ள பெரிய மனக்குறை இதுதான்.

கேள்வி: ஒண்டான்செட்ரான் வாந்தி மாத்திரைதானே? அதையும் பதற்றத்துக்குச் சோதித்தார்களாமே?

ஆமாம், 1980களில் பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. அது 3 ஏற்பியைத் தடுப்பது. கொடுத்த சுண்டெலிகள் வெளிச்சப் பெட்டியில் கூடுதல் நேரம் இருந்தன, தூக்கக் கலக்கமும் இல்லை. டயஸிபாமின் பெரிய தொல்லையே அந்தக் கலக்கம்தான் என்பதால் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அப்புறம்தான் கோளாறு தெரிந்தது. மிகக் குறைந்த அளவில் வேலை செய்தது, அளவைக் கூட்டினால் பலன் மறைந்தது. வரைபடத்தில் மணி கவிழ்த்தது போல ஒரு வளைவு. கூட்டல் மேடையில் ஓர் ஆய்வகத்தில் பலன், இன்னொன்றில் பூஜ்யம். மனிதர்களிலும் உறுதியான பலன் நிற்கவில்லை. கீமோதெரபி வாந்திக்குத்தான் அது பெயர் வாங்கியது.

கேள்வி: வீட்டில் அந்த மாத்திரை இருக்கிறது. தேர்வுக்கு முன் ஒன்று போட்டுப் பார்க்கலாமா?

வேண்டாம். பலன் நிரூபிக்கப்படவில்லை. சிலருக்கு இதயத் துடிப்பின் மின்னோட்டத்தையும் அது பாதிக்கும்.

கேள்வி: எனக்கு எஸ்எஸ்ஆர்ஐ தொடங்கிய முதல் வாரம் படபடப்பு கூடியது. எலிகளிலும் அப்படித்தானா?

அப்படியே நடக்கிறது! முதல் ஊசி போட்ட எலி, பழக்கமில்லாத இன்னொரு எலியோடு பழகும் நேரம் குறைகிறது, இதையும் பதற்றத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்கிறோம். முன்கூட்டியே 2சி தடுப்பான் கொடுத்திருந்தால் அந்தக் குறைவு வருவதில்லை. எம்சிபிபி என்ற வேதிப்பொருள் 2சி ஏற்பியைத் தூண்டி எலிக்கும் மனிதருக்கும் பதற்றத்தை வரவழைக்கிறது. எலியில் அதையும் 2சி தடுப்பான் மட்டுப்படுத்துகிறது. எலியும் மனிதரும் ஒரே திசையில் போகும் இடம் என்பதால், தடுப்பான்களில் எனக்கு அதிக நம்பிக்கை தருவது இந்த 2சி தான். உங்கள் மாத்திரையை மட்டும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: 2சி தடுப்பான் எதுவும் மருந்தாக வந்திருக்கிறதா?

அகோமெலட்டின். 2009ல் ஐரோப்பாவில் மனச்சோர்வுக்கு அனுமதி பெற்றது. பொதுவான பதற்றக் கோளாறில் வெற்று மாத்திரையோடு ஒப்பிட்ட சோதனைகளிலும் பலன் காட்டியது. ஆனால் அது தூக்கத்தோடு தொடர்புள்ள மெலட்டோனின் என்ற ஹார்மோனின் ஏற்பிகளையும் தூண்டும், அதனால் பெருமை முழுவதையும் 2சி கணக்கில் எழுத முடியாது. கல்லீரல் பரிசோதனையும் தேவைப்படும்.

கேள்வி: பதற்றத்துக்குத் தரும் பஸ்பிரோனும் தடுப்பான்தானே?

இல்லை. 1ஏ ஏற்பியை ஓரளவு தூண்டுவது.

கேள்வி: நான் பார்மசி மாணவி. இந்த மாதிரி ஆய்வுக் கட்டுரையைக் கையில் எடுத்தால் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

எலி மொத்தம் எவ்வளவு நடந்தது என்ற எண்ணைத் தேடுங்கள். மருந்து வெறுமனே ஓட்டத்தைக் கூட்டினாலும் திறந்த பாதைக்குப் போவது கூடும். அதைத் தைரியம் என்று எழுதிவிடுவார்கள். அடுத்து எத்தனை அளவுகள் கொடுத்தார்கள் என்று பாருங்கள். ஒரே அளவை வைத்து முடிவு சொன்னால், ஒண்டான்செட்ரானின் அந்த மணி வளைவை நினைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஆண் எலி மட்டுமா என்று பாருங்கள், பழைய கட்டுரைகளில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.