ஊர் அருங்காட்சியகத்தில் புதிய கூடம் கட்டுவதற்கு மக்களிடம் நிதி திரட்ட முடியுமா?

முடியும். ஆனால் கட்டடத்துக்கு மட்டும் பணம் கேட்டால், திறப்பு விழா முடிந்த மறுமாதமே மின்கட்டணத்துக்காக அதே வீடுகளின் கதவைத் தட்ட நேரிடும். ஒரு சிறு நகரத்தில் அறக்கட்டளை ஒன்று நடத்தும் அருங்காட்சியகத்துக்கு ஆறு ஆண்டுகள் பொருளாளராக இருந்தேன். இரண்டு ஓட்டு அறைகளுக்குள் அடைந்து கிடந்த ஓலைச்சுவடிகள், பழைய நாணயங்கள், மரக்கால், படி போன்ற அளவைக் கருவிகள் ஆகியவற்றுக்காக ஒரு கூடம் கட்டினோம். எங்கள் தவறுகளையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் முன்மாதிரியாகக் கொண்டது, நியூயார்க் மாநிலத்து லாங் ஐலண்டில் ஷோரம் என்னும் சிற்றூரில் நடந்த ஒரு முயற்சி. மின்னியல் கண்டுபிடிப்பாளர் நிக்கோலா டெஸ்லாவின் வார்டன்கிளிஃப் ஆய்வுக்கூடம் அங்கே இருக்கிறது. அதன் கோபுரத்தை 1917-லேயே இடித்துவிட்டார்கள். செங்கல் கட்டடம் மட்டும் நின்றது. அந்த இடம் விற்பனைக்கு வந்தபோது, அங்கே அறிவியல் அருங்காட்சியகம் அமைக்கப் பல ஆண்டுகளாக முயன்றுவந்த உள்ளூர்க் குழுவிடம் அதை வாங்குமளவுக்குப் பணம் இல்லை. 2012 ஆகஸ்டில் மேத்யூ இன்மன் என்ற கேலிச்சித்திரக்காரர் இணையம் வழியாக 8,50,000 டாலர் திரட்டித் தருவதாக அறிவித்தார். ஒன்பது நாட்களில் பத்து லட்சம் டாலர் சேர்ந்தது. 45 நாட்களின் முடிவில் சுமார் 33,000 பேர் ஏறத்தாழ 13.7 லட்சம் டாலர் கொடுத்திருந்தார்கள். 2013 மே மாதம் இடம் கைக்கு வந்தது.

இன்மன் கேட்ட விதத்தைக் கவனியுங்கள். ‘அறிவியலை வளர்ப்போம்’ என்று பொதுவாகக் கேட்கவில்லை. இந்த இடம், இவ்வளவு தொகை, இப்போது வாங்காவிட்டால் வேறொருவர் வாங்கி இடித்துவிடக்கூடும் என்று கேட்டார். மக்கள் திரட்டும் தொகைக்கு ஈடாக 8,50,000 டாலர் வரை தருவதாக மாநில அரசும் முன்வந்திருந்ததால், கொடுக்கும் ஒரு டாலர் இரண்டாகிறது என்ற எண்ணம் கொடுப்பவருக்கு உண்டாயிற்று. நாங்களும் அதைப் பின்பற்றி, ஊரைச் சேர்ந்த ஒரு வணிகக் குடும்பத்திடம் ‘மக்கள் தருவதற்குச் சமமாக நீங்களும் தாருங்கள்’ என்று கேட்டு, மூன்று லட்ச ரூபாய் வரை ஒப்புதல் பெற்றோம். அதன் பிறகுதான் கடைவீதியில் இறங்கினோம். அந்த ஒப்புதல் மட்டும் இல்லாதிருந்தால் பாதித் தொகைகூடத் தேறியிருக்காது என்பது என் கணிப்பு.

ஆனால் வார்டன்கிளிஃப்பின் கதை இடம் வாங்கியதோடு முடியவில்லை. முன்பு அங்கே இயங்கிய தொழிற்சாலையால் மாசுபட்டிருந்த இடம் அது. வாங்கிய பின்னும் சீரமைப்புக்கான நிதி திரட்டல் ஆண்டுக்கணக்கில் நீண்டது. 2014-ல் ஈலான் மஸ்க் பத்து லட்சம் டாலர் தருவதாக அறிவித்தும் அது போதவில்லை. பணிகள் நடந்துகொண்டிருந்த 2023 நவம்பரில் தீவிபத்தும் நேர்ந்தது. இடத்தை வாங்க 45 நாட்களில் பணம் கிடைத்தது. பத்தாண்டுகள் கழித்தும் கட்டடம் முழு அருங்காட்சியகமாக மாறியிருக்கவில்லை.

இந்தப் பாடத்தை நாங்கள் சரியாகப் படிக்கவில்லை. கல்லுக்கும் சிமெண்டுக்கும் கொடுப்பவர் எளிதில் கிடைப்பார், ஏனென்றால் சுவரில் பெயர் பொறிக்கலாம். சுவடிகளில் பூச்சி ஏறாமல் எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவுவதற்கும், மழைக்காலத்தில் ஈரப்பதத்தைக் குறைக்கும் கருவியை ஓட்டுவதற்கும், கதவைத் திறந்து வைத்து அமர்ந்திருக்கும் ஒருவருக்குச் சம்பளம் தருவதற்கும் கொடுப்பவரைத் தேட வேண்டியிருக்கிறது; அதில் எந்தப் பெயரையும் பொறிக்க முடியாது. ஆகவே நீங்கள் தொடங்கும்போதே, வரும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் முப்பது ரூபாய் பராமரிப்புக்கான வைப்புநிதிக்குப் போகும் என்று துண்டறிக்கையிலேயே அச்சிட்டுவிடுங்கள். பாதி வழியில் சொன்னால், ‘கட்டடத்துக்கென்று வாங்கிய காசை எங்கே கொண்டு போகிறீர்கள்?’ என்று கேட்பார்கள்; கேட்பதில் தவறும் இல்லை.

சிறு தொகைகளை வாங்கும் முறைக்கு நம்மிடமே ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. மொய் எழுதும் நோட்டில் ஐம்பது ரூபாய்க்கும் ஊர்ப்பெயரோடு, தகப்பன் பெயரோடு ஒரு வரி உண்டு. சுதந்திர தேவி சிலையின் பீடத்துக்காக 1885-ல் ஜோசப் புலிட்சர் தம் நாளிதழ் வழியாக ஒரு லட்சம் டாலருக்கு மேல் திரட்டியபோது, மிகச் சிறு தொகை கொடுத்தவர்களின் பெயரையும் அச்சிட்டது இதே உளவியலால்தான். எங்கள் நுழைவாயிலில் ஒரு கெட்டி அட்டை நோட்டை வைத்து, தொகை எதுவானாலும் பெயரை எழுதினோம். (மொய் திரும்பிச் செய்ய வேண்டிய கடன், இது அப்படியல்ல என்பதைச் சில பெரியவர்களுக்கு விளக்கவேண்டியிருந்தது.)

கணக்கு வழக்கில் சில எச்சரிக்கைகள். நீண்ட காலமாக 80ஜி என்ற பெயரில் அறியப்படும் வரிச்சலுகை, உங்கள் அறக்கட்டளை அதற்கான ஒப்புதலைப் பெற்றிருந்தால்தான் நன்கொடையாளருக்குக் கிடைக்கும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலோ, அவர் புதிய வரிமுறையைத் தேர்ந்திருந்தாலோ கிடைக்காது. வெளிநாட்டில் வாழும் ஊர்க்காரர்களிடம் கேட்கும்போது அவர்களின் கடவுச்சீட்டைப் பற்றியும் கேளுங்கள். இந்தியக் குடியுரிமை உள்ளவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறியவர் நம் தெருவில் பிறந்தவரே ஆனாலும், வெளிநாட்டு நன்கொடை பெறுவதற்கான பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அவர் பணத்தை வாங்குவது சட்டமீறல். நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைப் பாரம்பரியப் பாதுகாப்புக்குப் பயன்படுத்தச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் வாய்மொழி உறுதியை வரவாக எழுதிவிடாதீர்கள். ஒரு நிறுவனம் மேடையில் அறிவித்த தொகையை நம்பிக் கூரைக்கு முன்பணம் கொடுத்தோம். அந்தத் தொகை வரவே இல்லை, கூரை எட்டு மாதம் கம்பியோடு நின்றது.

இன்னொன்று: பணம் கேட்டுப் போகும் வீடுகளில் சிலர் பொருளைக் கொடுப்பார்கள். எங்களுக்கு ஒரு பாட்டி பணத்துக்குப் பதில் தம் மாமியாரின் பாக்குவெட்டியைத் தந்தார். யார், எப்போது, எங்கிருந்து, யார் பயன்படுத்தியது என்பதை அன்றே பதிவேட்டில் எழுதாவிட்டால் அது வெறும் பழைய இரும்புதான். நூறாண்டுக்கு மேற்பட்ட சிற்பம் போன்ற தொல்பொருட்கள் வந்தால், பதிவு குறித்துத் தொல்லியல் துறையிடம் கேட்காமல் ஏற்காதீர்கள்.

இப்போது பராமரிப்புக்கென மாதம் ஐம்பது ரூபாய் கொடுப்பவர்கள் 140 பேர் இருக்கிறார்கள். அவர்களுள் முதலில் சேர்ந்தவர் பேருந்து நிலையத்துத் தேநீர்க்கடைக்காரர். இன்றுவரை அவர் கூடத்துக்குள் வந்ததில்லை. என்னைப் பார்க்கும்போதெல்லாம், ‘மெஷின் ஓடுதா சார்?’ என்று மட்டும் விசாரிப்பார்.