வாசகர் கேள்வி பதில்: குழந்தையும் கேமராவும்

கேள்வி: இப்பதான் கேமரா வாங்கி நேச்சர் போட்டோகிராபி கத்துக்கிட்டு இருக்கேன். எட்டு வயசு பொண்ணையும் கூட்டிட்டுப் போறேன், ஆனா கொஞ்ச நேரத்துலயே "போர் அடிக்குது, வீட்டுக்குப் போலாம்"னு ஆரம்பிச்சிடுறா. அவளுக்கு எப்படி ஆர்வம் வரவைக்கிறது?

பதில்: மொதல்ல நடக்குறத குறைங்க. பெரியவங்க நாம பறவைய தேடி வேகவேகமா போவோம், தூரத்து மரத்துல இருக்குறத காட்டி "எவ்ளோ அழகு பாரு"ன்னு சொல்லுவோம், அவ கண்ணுக்கு அது ஒரு புள்ளிதான், அப்புறம் போர் அடிக்காம என்ன பண்ணும்? கிட்டக்க இருக்குறத காட்டுங்க. குளமோ குட்டையோ இருந்தா அதோட ஓரத்துல தட்டான் இருக்கும், குச்சி நுனியில உக்காந்திருக்கும், கிட்ட போனா பறந்துடும். ஆனா நிறைய வகைத் தட்டான் ஒரு ரவுண்டு அடிச்சிட்டு திரும்ப அதே குச்சிக்கே வரும். இத நீங்களா சொல்லிடாதீங்க, "அது எங்க போய் உக்காருதுன்னு பாரு"ன்னு மட்டும் சொல்லுங்க. அவளே கண்டுபிடிச்சிட்டான்னா நீங்க கூப்பிட்டாலும் எந்திரிச்சி வரமாட்டா.

அப்புறம் அந்த குச்சி நுனிக்கு ஃபோகஸ் வச்சிட்டு ரெண்டு பேரும் அசையாம காத்திருங்க. வைல்ட்லைஃப் போட்டோ எடுக்குறதுல பாதி வேலை இதுதாங்க, தொரத்திக்கிட்டு ஓடுறது இல்ல, அது எங்க வரும்னு தெரிஞ்சிக்கிட்டு முன்னாடியே அங்க இருக்குறது. கேமராவ தட்டானோட கண்ணு உயரத்துக்கு எறக்குங்க, ஃபோகஸ் கண்ணுல இருக்கட்டும், பறக்கும்போது எடுக்கணும்னா ஷட்டர் ஸ்பீட (கேமரா ஷட்டர் தெறந்து மூடுற வேகம்) 1/1000 செகண்டோ அதவிட வேகமாவோ வைங்க. காலையில சீக்கிரம் போறது ரொம்ப நல்லது, வெளிச்சம் மென்மையா இருக்கும், பூச்சிங்களுக்கும் ஒடம்பு சூடேறாம இருக்கறதால அவ்ளோ சீக்கிரம் பறந்துடாது.

கேள்வி: பையனுக்கு தனியா கேமரா வாங்கணுமா, மொபைல் போதுமா?

பதில்: மொபைல் தாராளமா போதும். ஜூம் மட்டும் பண்ண வேணாம்னு சொல்லுங்க, டிஜிட்டல் ஜூம் படத்த வெட்டி பெருசாக்குது, அவ்ளோதான். மொபைல் மேல மாட்டுற கிளிப் மேக்ரோ லென்ஸ் ஒண்ணு, அதாவது குட்டி பூச்சிய கிட்டக்க பெருசா எடுக்குற லென்ஸ், வாங்கிக் குடுங்க, அதுக்கு அப்புறம் வீட்டு செவுரே அவனுக்கு காடு ஆயிடும். ஜன்னல் ஓரத்துல குதிக்கும் சிலந்தி இருக்கான்னு பாக்க சொல்லுங்க, எட்டு கண்ணு அதுக்கு, முன்னாடி ரெண்டும் பெருசு, லென்ஸ கிட்ட கொண்டுபோனா நம்ம பக்கம் திரும்பி நேரா பாக்கும். அந்த பார்வைய ஒரு தடவ ஸ்க்ரீன்ல பாத்த பையன் அப்புறம் சிலந்திய அடிக்க செருப்ப எடுக்க மாட்டான்னு நான் நம்புறேன். பூச்சியோட பேரு தெரியலன்னா, கேமராவுல காட்டுனா பேரு சொல்ற "சீக்" (Seek)னு ஒரு ஆப் இருக்கு, ஐநேச்சுரலிஸ்ட்ங்கிற இயற்கை பதிவு தளத்துக்காரங்களோடது, அக்கவுண்ட் இல்லாமலே குழந்தைங்க யூஸ் பண்ணலாம். ஆனா அது சொல்ற பேரு சில நேரம் தப்பாவும் இருக்கும், அதனால அதோட நிறுத்திக்காம புத்தகத்துலயும் தேட வைங்க.

கேள்வி: பால்கனி செடியில ஒரு குருவி கூடு கட்டி குஞ்சு பொரிச்சிருக்கு. பொண்ணு தினமும் கிட்ட போய் போட்டோ எடுக்கணும்ங்கிறா, விடலாமா?

பதில்: கிட்ட போக விடாதீங்க. இதுல மட்டும் நான் கொஞ்சம் கறாராத்தான் சொல்லுவேன். நாம அடிக்கடி போய் நின்னா தாய்ப்பறவை வர்றது கொறையும், குஞ்சு பட்டினி கிடக்கும், காக்காவுக்கும் பூனைக்கும் கூடு இருக்குற எடத்த நாமளே காட்டிக்குடுத்த மாதிரி ஆயிடும். நல்லா தெரியணும்னு மறைக்கிற இலைய ஒதுக்குறது, ஃபிளாஷ் அடிக்கிறது ரெண்டும் கூடவே கூடாது. ரூமுக்குள்ள இருந்து, கண்ணாடி வழியா, ஸ்க்ரீன் துணிக்குப் பின்னாடி உக்காந்து எடுக்கட்டும். தாய்ப்பறவை வாயில புழுவ வச்சிக்கிட்டு கூட்டுக்குள்ள போகாம பக்கத்துலயே உக்காந்து கத்துச்சின்னா அங்க இருந்துகூட நீங்க ரொம்ப கிட்டன்னு அர்த்தம், உடனே பின்னாடி வந்துடுங்க. இந்த அடையாளத்த பொண்ணுக்கு கத்துக்குடுத்து, எப்ப நகரணும்னு அவளையே சொல்ல வைங்க.